மூன்றாம் வகைத் தோள்

ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட்டுவிட்டால் தெய்வானையின் பிழைப்பில் மண் விழுந்துவிடும். பூங்கோதை விரலை நீட்டுவதும் மடக்குவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

மடியிலிருந்த டேப்லெட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘பணியாளர் பயிற்சியைத் தவறாகச் செய்திருக்கிறார். தோளில் ஏற்பட்ட காயத்துக்கு அவரே பொறுப்பு.’ அடியில் ஒரு கட்டம். அதில் விரலால் ஒரு கிறுக்கு கிறுக்கினால் போதும். ஆபரேஷன் செலவு தெய்வானையின் தலையில் விழும். அவளுடைய ஓவர்லாக் மெஷினில் நாளைக்கே வேறு ஒருத்தி உட்கார்ந்துகொள்வாள். பனியன் கம்பெனியில் ஒற்றைக் கைக்காரிக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்!

தெய்வானை எதிர் நாற்காலியில் இருந்தாள். ஐம்பது வயது. இடது கையைப் பழைய பனியன் துணியில் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கொண்டை போட இரண்டு கை வேண்டுமே, அதனால் முடியை எப்படியோ ஒரு ரப்பர் பேண்டுக்குள் அடக்கியிருந்தாள்.

“ஏங்கண்ணு, இந்தத் தோதுக்காரங்க எல்லாரும் நான் தப்பாச் செஞ்சேங்கறாங்க. நீயி சொல்லு, பதினோரு வருசமா ஒரு நாளாச்சும் நான் தப்பாச் செஞ்சு பாத்திருக்கியா?”

பூங்கோதை டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளும் ஒரு தோதுக்காரிதான்.

தோது வந்த கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு காலத்தில் பெண்கள் பத்திரிகைகளில் உங்கள் உடம்பு பேரிக்காயா, ஆப்பிளா என்று கேட்டு, பழத்துக்குத் தக்கபடி உடற்பயிற்சி போடுவார்கள். படித்துவிட்டு நாம் வடை சுடப் போய்விடுவோம். தோது நிறுவனம் அந்தப் பழக்கடையை மூடியது. பெண்களை ஒளியால் அளந்து, பெண்ணுடம்பு மொத்தம் ஒன்பது வகை என்று பிரித்தது. இடுப்பு அகன்றவளுக்கு ஒரு பயிற்சி, முதுகு நீண்டவளுக்கு இன்னொன்று, அவரவர் உடம்புக்குத் தோதானது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், ‘பெண் தொழிலாளர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற கம்பெனிக்குத்தான் ஆர்டர்’ என்று சொன்னார்களோ இல்லையோ, திருப்பூரில் ஒரு கம்பெனி பாக்கியில்லாமல் தோது நுழைந்துவிட்டது. காலை பத்தரைக்கும் மதியம் மூன்றரைக்கும் மணி அடிக்கும். மெஷின்கள் நிற்கும். பெண்கள் வகைவகையாக வரிசை கட்டி, சுவர்த்திரை சொல்கிறபடி பன்னிரண்டு நிமிஷம் கையைக் காலை அசைப்பார்கள். முதுகுவலி போயிற்று, மூட்டுவலி போயிற்று என்று நிறையப் பேர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மூன்றாம் வகை வரிசைதான் நீளம். பூங்கோதையும் மூன்றாம் வகைதான். தோதின் வட்டார அதிகாரியான அவள், புதிதாகச் சேருகிறவர்களிடம் தன்னையே காட்டிப் பேசுவாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, அது கோணலாகக் கூடி, இடது தோள் அரை விரற்கடை தொங்கிப்போனவள் அவள். எந்த டைலரிடம் கொடுத்தாலும் ரவிக்கை இடது பக்கம் நழுவும். “இந்தப் பயிற்சியைச் செஞ்ச பொறவு பாருங்க, ரவிக்கை இம்மி நகர்றதில்லை” என்று நிமிர்ந்து நின்று காட்டுவாள். பெண்கள் கைதட்டுவார்கள்.

“எப்படிச் செய்வீங்கன்னு காட்டுங்க்கா” என்றாள் இப்போது.

“இடது கையத்தான் தூக்கோணும், அது வராதே. வலது கையில காட்டறேன், நீயி இடதுன்னு வெச்சுக்கோ.” தெய்வானை எழுந்து, ரப்பர் பட்டையைக் காலில் மிதித்துக்கொண்டதாகப் பாவனை செய்து, வலது கையைக் காதோரமாக மேலே இழுத்தாள். தோளைத் தூக்கி மூன்று எண்ணும்வரை நிறுத்தினாள். இம்மி பிசகில்லை. “வேளைக்கு நாப்பது. மத்த வகைக்காரிகளுக்கு ரெண்டு கையும் சமமா வருது. நமக்கு மட்டும் இடது நாப்பது, வலது பத்து.”

“வலிச்சப்ப நிறுத்தியிருக்கலாமே?”

“நிறுத்துனா செவப்பு லைட்டு எரியுதே கண்ணு! சூப்பர்வைசர் ஓடி வர்றான். அதுபோக, மிசினு சொல்லுச்சு, எனக்கு இடது தோளு அரை விரக்கடை தொங்குதாம். தூக்கித் தூக்கித்தான் சரியாகுமாம்.” தெய்வானை லேசாகச் சிரித்தாள். “ஊட்டுல கண்ணாடில பாத்தா நேராத்தான் தெரியும். செரி, நம்ம கண்ணு என்னத்தைக் கண்டுச்சு, மிசினு பொய் சொல்லுமான்னு நெனச்சுப்போட்டேன்.”

பூங்கோதையின் கை தன் இடது தோளுக்குப் போயிற்று.

அரை விரற்கடை. அது தெய்வானையின் தோள் இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பூங்கோதை இதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். தோது அப்போதுதான் முளைத்திருந்தது. மாதிரிக்கு நாற்பது பெண்களை அளக்க வேண்டும் என்று ஒரு கூண்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்று நாள் கெடு. பட்டன் தட்டத் தெரிந்த பெண் என்று பூங்கோதையை அந்த நாற்பதில் சேர்க்காமல் மெஷினை இயக்க நிறுத்தினார்கள். உடம்போடு ஒட்டுகிற சாம்பல் நிற உடுப்பைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் கையை விரித்து நிற்க வேண்டும். அதற்கே பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். அடுத்து வந்தது இடி. உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாதாம். மெட்டி, மூக்குத்தி, தாலி, எல்லாம் கழற்ற வேண்டும்.

தாலியைக் கழற்றுவதா! மஞ்சள் கயிறாவது கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். கழுத்தில் நூல் இருந்தாலும் அளவு ஏறாது என்றது மெஷின். கல்யாணமானவர்கள் முப்பத்தொரு பேரும் கூண்டுப் பக்கமே வர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அளவு கொடுக்காதவர்களுக்கு வேலையில்லை என்றது ஆபீஸ். மூன்றாம் நாள் காலையில் தெய்வானைதான் கழிப்பறைப் பக்கம் பூங்கோதையை மடக்கினாள்.

“எங்கூட்டுக்காரருக்குப் போன மாசந்தான் நெஞ்சுவலி வந்துச்சு. இந்த நேரத்துல தாலியக் கழட்டுனேன்னு தெரிஞ்சா எம்மாமியா என்னைக் கொன்னே போடுவா. உங்கழுத்துல ஒண்ணும் இல்லையே அம்மிணி, என்ற பேருல நீயி நின்னுரு. அளவுதானே? ரவிக்கைக்கா எடுக்கறாங்க?”

பூங்கோதைக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பாவமாக இருந்தது, நின்றாள். ஒருத்திக்கு நின்றது காற்றில் பரவி, முப்பத்தொரு பேருக்கும் நின்றாள். உயரத்தையும் எடையையும் மட்டும் அவரவருக்கு உண்மையாகவே எடுத்து ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் காலைக் கொஞ்சம் அகட்டி, கொண்டையை மாற்றி, இடுப்பில் துண்டைச் சுற்றி நின்றதில் மெஷின் கண்டுபிடிக்கவில்லை. திருப்பூரிலேயே கெடுவுக்குள் நாற்பதும் முடித்த ஒரே கம்பெனி என்று கைகுலுக்கி, அவளைத் தோதிலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு மூன்றாம் வகைப் பயிற்சி வந்தபோது, அட, நம்மைப் போல இத்தனை பேருக்கா தோள் தொங்குகிறது என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காரணம் தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சம்பளம் நன்றாக வந்தால் அதுவும் தூங்கிவிடும் போல.

“நாளைக்கு வர்றனுங்க்கா” என்று டேப்லெட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். கையெழுத்துப் போடவில்லை.

*

தோதின் ஆபீஸ் அவிநாசி ரோட்டில். மெஷினைப் பார்த்துக்கொள்கிற நஸ்ரீன் சென்னைப் பெண், முப்பதைத் தாண்டாதவள். பூங்கோதை உட்காராமலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். முதலில் நஸ்ரீன் நம்பவில்லை. பிறகு அந்தப் பழைய நாற்பது அளவுகளைத் தேடி எடுத்து, முப்பத்தொன்றைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். காலும் இடுப்பும் கொண்டையும் விலகின, முப்பத்தொரு தோளும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன.

“யா அல்லாஹ்” என்றாள். “அக்கா, ஆரம்பத்துல மொத்தமே நானூறு பேரோட அளவுதான் எங்ககிட்ட இருந்துச்சு. மெஷினுக்கு வகைன்னா என்னன்னு தெரியாது. ஒரே மாதிரி எங்கெல்லாம் திரும்பத் திரும்ப வருதோ, அதை வகைன்னு எடுத்துக்கும். நெசமான பொம்பளைங்க ஒருத்தி மாதிரி ஒருத்தி இருக்கறதில்ல. நீங்க மட்டும் முப்பத்தொரு தடவை அச்சு அசலா அதே தோளோட வந்திருக்கீங்க. இருக்கறதுலயே சுத்தமான வகை மூணுதான்னு நாங்க பெருமையாச் சொல்லுவோம்.”

“பொறவு வந்தவங்களை எல்லாம் நெசமாத்தானே அளந்தீங்க?”

“எங்க? அந்தக் கூண்டு சரிப்படலைன்னு எடுத்துட்டாங்களே. இப்ப துணிக்கு மேலதான் கேமரா பாக்குது. உயரம், எடை, இடுப்பு வெச்சு கிட்டத்தட்ட எந்த வகைன்னு முடிவு பண்ணும். கண்ணுக்குத் தெரியாத இடத்தை அந்த வகையோட மாதிரியிலருந்து எடுத்து நிரப்பிக்கும்.” நஸ்ரீன் நிறுத்திவிட்டு, பூங்கோதையின் சேலையைப் பார்த்தாள். முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது? இடது தோளில். தமிழ்நாட்டில் சேலை கட்டிய அத்தனை பேருக்கும் இடது தோள்தான் மறைந்திருக்கும்.

“மூணாம் வகையில எத்தனை பேர் இருக்காங்க மேடம்?”

“எண்பத்திரெண்டாயிரம்.”

“தோள்வலின்னு வந்த புகாரு?”

நஸ்ரீன் தட்டிப் பார்த்தாள். “நாலாயிரத்துச் சொச்சம். எல்லாமே ‘தவறாகச் செய்திருக்கிறார்’னு முடிச்சு வெச்சிருக்கு.”

“அதுல இருவத்தாறு என்ற கையெழுத்துங்க” என்றாள் பூங்கோதை. எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொருத்தி முகமும் நினைவில் இருந்தது.

நஸ்ரீன் எழுந்து கதவைச் சாத்தினாள். “மேல இருக்கறவங்க சும்மா ஒத்துக்க மாட்டாங்க. அது நீங்கதான்னு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. அந்தப் பழைய கூண்டு ஒண்ணு ஸ்டோர்ல கிடக்கு. நிக்கறீங்களா?”

சாம்பல் நிற உடுப்பு இப்போது இறுக்கிப் பிடித்தது. மெட்டியைக் கழற்றினாள். தாலிக்கொடியைத் தலைவழியாக எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த முப்பத்தொரு பேரும் எதற்கு அப்படிப் பயந்தார்கள் என்று இப்போதுதான் கழுத்துக்கே தெரிந்தது. “கையிலயே வெச்சுக்குங்க மேடம், கீழ வெச்சுறாதீங்க” என்றாள். நஸ்ரீன் இரண்டு கையாலும் வாங்கி, கூண்டு வேலை முடிகிற வரைக்கும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒளி மேலிருந்து கீழே இறங்கியது. மெஷின் இனிமையாகச் சொன்னது: “வணக்கம். நீங்கள் ஆறாம் வகை.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆறா? நான் மூணு மேடம்! நானில்லாம மூணே இல்லையே!”

நஸ்ரீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இறங்கிப்போயிற்று. “உங்க தோள் நேரா இருக்குக்கா. ரெண்டும் சமமா இருக்கு. பதினோரு வருஷம் பண்ணதுல சரியாயிடுச்சு. மெஷின் தப்பாக் கணக்குப் போடல. அது போட்ட பயிற்சி அந்த உடம்புக்குக் கன கச்சிதம். அந்த உடம்பு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அவ்வளவுதான்.”

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். பூங்கோதையின் வினை ஊரையெல்லாம் சுட்டுவிட்டு, அவளை மட்டும் தடவிக் கொடுத்திருந்தது. ரவிக்கை நழுவவில்லை என்று கைதட்டு வாங்கினாளே, எத்தனை மேடையில்! அவளுக்குத் தன் தோளைத் தொடவே கூசியது. கூண்டுக்குள்ளேயே தரையில் குந்தி வாய்விட்டு அழுதாள்.

“அழுதா ஆதாரம் ஆகாதுக்கா” என்று நஸ்ரீன் மெதுவாகச் சொன்னாள். “வகை மாறிப்போச்சு. அது நீங்கதான்னு எப்படிக் காட்டறது?”

பூங்கோதை மூக்கை உறிஞ்சினாள். பிறகு நஸ்ரீனின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தன் காறை எலும்பின்மேல் வைத்தாள். முறிந்த எலும்பு கூடிய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. தோள் நிமிர்ந்தாலும் முடிச்சு எங்கே போகும்?

நஸ்ரீன் பழைய உருவங்களில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். முதலாவதில் முடிச்சு இருந்தது. இரண்டாவதில் இருந்தது. முப்பத்தொன்றிலும் இருந்தது. மெஷின் அதை இத்தனை வருஷமாக ஏதோ தூசி என்று தள்ளி வைத்திருந்தது.

“எழுதி அனுப்பறேன்” என்றாள் நஸ்ரீன். “தெய்வானையம்மா ஆபரேஷன் தோது செலவுல நடக்கும். ஆனா உங்க வேலை போயிடும்க்கா. போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம்.”

“போவட்டும்ங்க. திரையை எப்ப நிறுத்துவாங்க?”

“குழு போட்டு, பேசி… மூணு வாரமாவது ஆகும்.”

*

மறுநாள் பத்து மணிக்குக் கம்பெனி ஆபீஸ் வாசலில் தெய்வானை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஆபரேஷன் நடக்கும், பெயரில் குற்றம் இருக்காது, ஆனால் கை பழையபடி தலைக்குமேல் போகுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை என்பது வரைக்கும் சொன்னாள்.

தெய்வானை வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப கண்ணாடி நெசத்தைத்தான் சொல்லியிருக்குது.”

“ஆமாங்க்கா.”

“பதினோரு வருசமாத் தெனமும் சொல்லியிருக்குது. நாந்தான் செவுத்தைப் பாத்து ஆடிட்டிருந்திருக்கேன்.”

“என்னை நாலு வார்த்தை திட்டிப்போடுங்க்கா. கேட்டுக்கறேன்.”

“திட்டாம விடுவனா? அதுக்கு நேரமிருக்குது.” தெய்வானையின் கண் கலங்கியிருந்தது. “நாந்தான் உன்ற காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சுனேன். மறக்கலை. அதுக்கோசரம் உம்மேல கோவமில்லைன்னு பொய்யும் சொல்ல மாட்டேன் கண்ணு. இந்தக் கையிலதான் நான் துணியத் தள்ளுவேன்.” பிறகு தலையைச் சாய்த்து அவளையே பார்த்தாள். “உனக்கு அப்பெல்லாம் முந்தானையே நிக்காது. இப்ப தோளு நேராயிருச்சே!”

பூங்கோதை முந்தானையை இழுத்து அந்தத் தோளை மூடிக்கொண்டாள்.

பத்தரை மணி அடித்தது. உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மூன்றாம் வகை வரிசையில் எழுபது பேர் கூடி ரப்பர் பட்டையைக் காலில் மிதித்துக்கொண்டார்கள். திரை எண்ண ஆரம்பித்தது. எழுபது இடது கைகள் மேலே போயின.

“எங்கிட்டச் சொன்ன மாதிரியே போயி அவங்ககிட்டச் சொல்லு” என்றாள் தெய்வானை. “எந்தக் குழு போட்டுப் பேசுனாலும் அதுவரைக்கும் அவங்க தூக்கீட்டேதான் இருப்பாங்க. போ.”

பூங்கோதை போனாள். திரைக்கு முன்னால், மறைக்கிற மாதிரி நின்றாள். “தயவுசெய்து திரையை மறைக்க வேண்டாம்” என்றது அது. நகரவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தான். அவள் அவனைப் பார்க்காமல் முந்தானையைச் சற்று விலக்கி, காறை எலும்பின் முடிச்சைக் காட்டி, குரல் உடைய உடையச் சொல்லி முடித்தாள். உங்களுக்குத் தோள் தொங்கவில்லை, தொங்கியது எனக்கு, என்றாள். இருபத்தாறு பேர் பிழைப்பில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள்.

கைகள் பாதியில் நின்றன. ஒருத்தி “அடிப்பாவி” என்றாள், சத்தமாகவே. அதற்குப் பூங்கோதை தலையாட்டினாள்.

முன்வரிசையில் வளர்மதி என்று ஒருத்தி. சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றிருந்தாள்.

“ஏனுங்க்கா, அப்ப நான் எந்த வகைங்?”

பூங்கோதை வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷமாக எந்தப் பெண்ணைக் கண்டாலும் ஒரு நம்பர் நாக்கில் வந்துவிடும் அவளுக்கு.

“தெரியலை கண்ணு” என்றாள். “உன்ற உடம்பை இன்னும் ஒருத்தரும் பாக்கவேயில்லை.”

பின்னால் திரை எண்ணிக்கொண்டே இருந்தது. வளர்மதி கையை இறக்கினாள். முந்தானைக்குள் கையை விட்டு, தன் இடது தோளைத் தானே தடவிப் பார்த்தாள்.